வெடிமருந்துக் கொம்பில் கீறிய கோடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா பிரிட்டனின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், துப்பாக்கி ஏந்திய சாதாரண மனிதர்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த மாட்டுக் கொம்புகளைப் பற்றிய பக்கம் இது. அவற்றின் மேல் கத்தி முனையால் கீறப்பட்ட பெயர்களும் பாட்டுகளும் ஆறுகளும் கோட்டைகளும் 250 ஆண்டுகளைக் கடந்து இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இந்தக் கொம்புகளைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

வெடிமருந்துக் கொம்பு எதற்குப் பயன்பட்டது?

இன்றைக்கு நாம் அறிந்த உலோகத் தோட்டா அன்று இல்லை. கருமருந்து வேறு, ஈயக் குண்டு வேறு. ஒவ்வொரு முறை சுடுவதற்கும் குழலின் வாயில் அளந்த மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, நீளமான கோலால் இடித்து இறக்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து வைக்க வேண்டும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி தெறிக்கும். கிண்ணத்து மருந்து பற்றி, உள்ளே இருக்கும் மருந்துக்குத் தீ போகும். இந்த மருந்தை நனையவிடாமல், சிந்தவிடாமல் உடம்போடு வைத்திருக்க உதவிய ஏனம்தான் கொம்பு.

பிரிட்டனின் முறையான படைவீரர்கள் மருந்தையும் குண்டையும் சேர்த்துச் சுற்றிய காகிதப் பொட்டலங்களைத் தோல் பெட்டியில் வைத்திருந்தார்கள். கொம்பு அதிகம் இருந்தது ஊர்ப்படையில் சேர்ந்த உழவர்களிடமும், காட்டு வழிகளில் சுற்றிய காவல் படையினரிடமும், வேட்டைக்காரர்களிடமும்தான். சுதந்திரம் கிடைத்த பிறகுகூட, 1792-இல் வந்த அமெரிக்க ஊர்ப்படைச் சட்டம், ரைஃபிள் வைத்திருப்பவன் ஒரு மருந்துக் கொம்பும் 20 குண்டுகளும் கால் பவுண்டு மருந்தும் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வைத்தது.

கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் மருந்தைக் கொட்டியிருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து. முந்தைய வெடியின் கங்கு குழலுக்குள் மிச்சம் இருந்தால், தீ மேலேறிக் கையில் இருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும். அதனால் மான் கொம்பின் நுனியையோ சிறு கொம்புத் துண்டையோ குடைந்து ஓர் அளவைக் குப்பி செய்து, அதில் ஊற்றி, அதிலிருந்து குழலுக்குள் கொட்டினார்கள்.

ஏன் மாட்டுக் கொம்பு? வேறு பொருளே கிடைக்கவில்லையா?

இதைவிடப் பொருத்தமான பொருள் அன்று இல்லை என்பதே என் எண்ணம். கொம்பு தண்ணீர் விடாது. எடை குறைவு. கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையாது, இரும்புபோல் பொறி கிளப்பாது. உள்ளே இயற்கையாகவே குழிவு இருக்கிறது, ஒரு முனை அகலம், மறுமுனை கூர். புனலும் பாத்திரமும் ஒன்றாகவே விளைந்து வருவதுபோல. அதன் வளைவு விலாவோடு ஒட்டி உட்காருகிறது. மாட்டின் இடக் கொம்புக்கும் வலக் கொம்புக்கும் வளைவு மாறுவதால், எந்தப் பக்கம் தொங்கவிடப் போகிறோம் என்று பார்த்துக் கொம்பைத் தேர்ந்தெடுக்கவும் முடிந்தது. உழவர் வீட்டில் மாடு அறுத்தால் கொம்பு செலவில்லாமல் கிடைத்துவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மெல்லியதாகச் சீவிய வெளிர் நிறக் கொம்பை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், மருந்து எந்த மட்டத்தில் இருக்கிறது என்று நிழலாகத் தெரியும்.

கொம்பை எப்படித் தயாரித்தார்கள்?

வெளியே நாம் பார்க்கும் கொம்பு நம் நகத்தைப் போன்ற கெராட்டின் உறை. உள்ளே எலும்புத் தண்டு இருக்கும். கொம்பைக் கொதிக்க வைத்தோ, பல நாள் ஊறப்போட்டோ அந்தத் தண்டைத் தளர்த்தி உருவி எடுப்பார்கள். பிறகு நுனியை வெட்டி, உள் குழிவைத் தொடும்வரை துளையிடுவார்கள். அதுதான் மருந்து வெளிவரும் வாய். அதற்கு ஒரு மரத் தக்கை.

அகன்ற அடிப்பக்கத்தை மூட ஒரு மரக்கட்டை வேண்டும். கொம்பின் வாய் சரியான வட்டமாக இருக்காது. சூடான நீரில் போட்டால் கொம்பு இளகும். இளகிய நேரத்தில் வட்டமான கட்டையை இறுக்கி நுழைத்துவிட்டால், ஆறும்போது கொம்பே கட்டையைக் கவ்விக்கொள்ளும். சுற்றிலும் சிறு மரமுளைகளோ ஆணிகளோ அடித்து உறுதிப்படுத்தினார்கள். சில அடிக்கட்டைகள் தட்டையானவை, சில குவிந்தவை, சிலவற்றில் வார் கட்ட ஒரு குமிழ் இருக்கும்.

இனிதான் கொம்பு சீவும் வேலை. நம் ஊரில் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவுவதைப் பார்த்தவர்களுக்குச் சுருள் சுருளாக விழும் அந்தச் சீவல் நினைவுக்கு வரும். இங்கே கத்தி, அரம், உடைந்த கண்ணாடி விளிம்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி, சொரசொரப்பான மேல் தோலை முழுவதும் எடுத்து, பால் நிறத்துக்கோ தேன் நிறத்துக்கோ கொண்டுவருவார்கள். வாய்ப்பக்கத்துக் கழுத்தை மட்டும் மேலும் ஒல்லியாக்கி, கறுத்த நிறத்திலேயே விட்டு, வார் நழுவாமலிருக்க ஒரு வளையத்தை விட்டுச் செதுக்குவார்கள். உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் பூவிதழ் போன்ற வளைவு வளைவான விளிம்பு அமைப்பது நல்ல கைக்கு அடையாளம். கீறல் வேலை தொடங்கும் முன்பே கொம்பு ஓர் அழகான பொருளாகிவிடும்.

எதைக் கொண்டு கீறினார்கள்? கோடு எப்படிக் கறுப்பாகத் தெரிகிறது?

பேனாக்கத்தி, குத்தூசி, கூரிய உளி முனை. கைக்குக் கிடைத்த எதுவும். கீறி முடித்ததும் விளக்குக் கரியையோ மையையோ கொழுப்பில் குழைத்துத் தேய்த்து, மேலே துடைத்துவிட்டால், பள்ளத்தில் இறங்கிய கறுப்பு அப்படியே நின்றுவிடும். சில கொம்புகளில் சிவப்பும் பச்சையும்கூட உண்டு.

நான் ஒருமுறை, கைவினைப் பொருள் கண்காட்சியில் வாங்கிய ஒரு வெளிர் கொம்புத் துண்டில் என் பெயரின் முதலெழுத்தைக் கீறிப் பார்த்தேன். முதலில் மூக்கில் ஏறியது வாடை. நகத்தை அராவும்போது வருமே, அதே வாடை. அடுத்து, கத்தி என் பேச்சைக் கேட்கவில்லை. கொம்புக்குள் நீளவாக்கில் ஓடும் இழை, முனையைத் தன் வழிக்கு இழுத்துப் போகிறது. நேர்கோடு ஒருவாறு வந்தது. 'க'வின் வளைவில் கத்தி நழுவி ஒரு வெள்ளைக் கீறல் குறுக்கே ஓடியது. அதை அழிக்க ஒரே வழி, அந்த இடம் முழுவதையும் மறுபடி சீவுவதுதான். அரைமணி நேரத்தில் ஒரே ஓர் எழுத்து. அதன் பிறகு, பழைய கொம்பில் நாலு வரிப் பாட்டு ஒன்று சீராக ஓடுவதைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையின் மீது பெரிய மரியாதை.

நல்ல கைகள் ஒற்றைக் கோட்டோடு நிற்கவில்லை. எழுத்துக்கு இரட்டை விளிம்பு போட்டு, நடுவில் நெருக்கமான சாய்கோடுகளை நிரப்பி நிழல் கொடுத்தார்கள். எழுத்து வரிசை நேராக நிற்பதற்காக முதலில் மெல்லிதாக இழுத்த கோடுகள் பல கொம்புகளில் இன்னும் தெரிகின்றன.

என்னென்ன கீறினார்கள்?

முதலில் பெயர். பிறகு ஆண்டு, பல சமயம் மாதமும் தேதியும். எந்த முகாமில், எந்தக் கோட்டையில் செய்தது என்ற குறிப்பு. பெயர் எழுதியதற்குக் காரணம் எளிமையானது. முகாமில் நூற்றுக்கணக்கான கொம்புகள் ஒரே சாயலில் கிடக்கும். கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெயருக்குப் பின்னால் 'அவனுடைய கொம்பு' என்ற சொல் வரும். 'இன்னார், அவனுடைய கொம்பு, 1758' என்ற பாணி மிகப் பரவலானது. அது அக்கால ஆங்கிலத்தில் உடைமையைச் சொல்லும் ஒரு முறை.

பாட்டுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. முகாமிலிருந்து முகாமுக்கு வாய்வழியாகப் பரவிய ஈரடிகள் அவை. ஒன்றில் மருந்தே பேசும்: நான் மருந்து, என் சகோதரன் குண்டு, இருவரும் வீரரைப்போல் அனைவரையும் வெல்கிறோம் என்று. இன்னொன்று, இந்தக் கொம்பைத் திருடாதே, வெட்கப்படுவாய், உடையவன் பெயர் இதன்மேல் இருக்கிறது என்று திருடனை எச்சரிக்கும். வேறொன்றில் ரோஜா சிவப்பு, புல் பச்சை, நான் கண்ட நாள்கள் கடந்துபோயின என்று ஓர் இளைஞன் பெருமூச்சு விடுவான். ஒரே பாட்டு பல கொம்புகளில் வெவ்வேறு எழுத்துப் பிழைகளோடு வருகிறது. அந்தப் பிழைகளைக் கேலி செய்யக் கூடாது. காதால் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள். ஓர் உழவன் அந்தச் சொல்லை எப்படி உச்சரித்தான் என்பதற்கே அது சான்று.

படங்களில் முதலிடம் பிரிட்டன் அரசச் சின்னத்துக்கு. கேடயத்தின் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை, மேலே கிரீடம். சிங்கத்தை நேரில் பார்த்திராத கைகள் வரைந்ததால் சில சிங்கங்களுக்கு நாயின் முகமும் சிலவற்றுக்கு மனித முகமும் வாய்த்திருக்கின்றன. இவற்றோடு கப்பல், கடற்கன்னி, மான், மீன், பறவை, திசைகாட்டி நட்சத்திரம், வரிசையாக நிற்கும் படைவீரர்கள், வீடுகள், ஓரங்களில் கொடி ஓடும் கொடிக்கரைகள்.

வரைபடக் கொம்புகள் என்கிறார்களே, அவற்றை வைத்து வழி கண்டுபிடித்தார்களா?

வழி காட்டும் அளவுக்கு அவை துல்லியமானவை அல்ல. அளவுகோல் கிடையாது, இடம் இருக்கும் வரை ஊர்கள் நெருங்கும் அல்லது விலகும். அவை 'நான் இங்கெல்லாம் போனேன்' என்று சொல்லும் படங்கள்.

ஆனாலும் கொம்பின் வடிவத்துக்கும் ஆற்றின் வடிவத்துக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. மிகப் பிரபலமானவை நியூயார்க் வரைபடக் கொம்புகள். பிரிட்டனும் பிரான்சும் வட அமெரிக்காவில் மோதிய 1754 முதல் 1763 வரையான போரில், படைகள் நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றின் வழியே அல்பனிக்குப் போய், அங்கிருந்து பிரிந்தன. ஒரு வழி வடக்கே எட்வர்ட் கோட்டை, ஜார்ஜ் ஏரி, டிகான்டரோகா, கிரவுன் பாயின்ட் என்று கனடா நோக்கிப் போகும். இன்னொரு வழி மேற்கே மோஹாக் ஆற்றோடு ஸ்டான்விக்ஸ் கோட்டை, ஆஸ்வீகோ, நயாகரா என்று போகும். கொம்பின் நீளத்தில் ஆறு ஓட, இரு கரையிலும் கோட்டைகள் நட்சத்திர வடிவில் நிற்க, நகரத்தில் வீடுகளும் காற்றாலையும் கப்பல்களும் தெரியும். கொம்பைக் கையில் மெல்லச் சுழற்றினால் ஒரு வீரன் நடந்துபோன நெடுவழி முழுவதும் கண்முன் ஓடும்.

பென்சில்வேனியாவில் பிட் கோட்டைக்குப் போகும் வழியைக் காட்டும் கொம்புகளும், 1762-இல் பிரிட்டன் கைப்பற்றிய கியூபாவின் ஹவானா துறைமுகத்தைக் காட்டும் கொம்புகளும் உண்டு. ஹவானாவில் குண்டால் செத்தவர்களைவிடக் காய்ச்சலால் செத்தவர்கள் அதிகம். அந்தத் துறைமுகத்தின் அழகான படத்தைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தெற்கே செரோக்கி மக்களின் நாட்டைக் காட்டும் கொம்புகள் இதைவிட மனதை உறுத்துபவை. 1760-லும் 1761-லும் பிரிட்டன் படைகள் அந்த மலைநாட்டுக்குள் நுழைந்து ஊர்களையும் விளைந்து நின்ற சோளக் கொல்லைகளையும் எரித்தன. கொம்பில் வரிசையாகப் பெயர் எழுதப்பட்ட ஊர்களில் பல, எரிக்கப்பட்ட ஊர்கள். வேலைப்பாடு நேர்த்தியானதுதான். ஆனால் அந்தப் பெயர் வரிசையைப் படிக்காமல் வேலைப்பாட்டை மட்டும் பாராட்டிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

வீரர்களே தங்கள் கொம்பைக் கீறிக்கொண்டார்களா?

நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். பொழுதுபோகாத வீரன் தீ ஓரம் உட்கார்ந்து தன் கொம்பைக் கீறும் காட்சி பலருக்கும் பிடித்திருந்தது. பல கொம்புகளுக்கு அது உண்மையும்கூட. எழுத்துகள் கோணி, வரி முடிவில் இடம் போதாமல் கடைசி எழுத்து மேலே ஏறி, 'என்' என்ற ஆங்கில எழுத்து (N) கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திரும்பி நிற்கும் கொம்புகள் ஏராளம்.

ஆனால் கொம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். வெவ்வேறு வீரர்களின் பெயர் தாங்கிய கொம்புகளில் ஒரே கையெழுத்து, ஒரே கொடிக்கரை, ஒரே வகைப் பறவை. கையெழுத்து கைவிரல் ரேகை மாதிரி, மறைக்க முடியாது. ஒவ்வொரு முகாமிலும் கை தேர்ந்த ஒருவரோ இருவரோ இருந்திருக்கிறார்கள், மற்றவர்கள் அவர்களிடம் கொடுத்துக் கீறி வாங்கியிருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெளிவானது. ஜார்ஜ் ஏரியைச் சுற்றிய முகாம்களில் உருவான பாணிக்கு வில்லியம் கத்மன் என்ற அறிஞர் 'ஜார்ஜ் ஏரிப் பள்ளி' என்றே பெயர் வைத்தார்.

அந்தக் கைகளில் யாருடைய பெயராவது தெரியுமா?

தெரியும். ஜான் புஷ்.

மாசச்சூசெட்ஸின் ஷ்ரூஸ்பெரி ஊரைச் சேர்ந்த கறுப்பினத்தவர் அவர். அடிமை அல்லாத சுதந்திர மனிதர். குடியேற்றப் படையில் சேர்ந்து ஜார்ஜ் ஏரிக்குப் போனார். 1755 செப்டம்பர் 8-ஆம் தேதி அங்கே பெரிய சண்டை நடந்தது. அதற்குப் பின் ஏரியின் தென்முனையில் வில்லியம் ஹென்றி கோட்டை எழுந்தது. அந்த முகாம் நாள்களில் அவர் சக வீரர்களுக்குக் கொம்பு கீறிக் கொடுத்தார்.

அவருடைய எழுத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பேனாவை அழுத்தியும் தளர்த்தியும் எழுதும்போது கோடு கொழுத்தும் மெலிந்தும் ஓடுமே, அந்த ஓட்டத்தைக் கத்தி முனையில் கொண்டுவந்தவர் அவர். ஒரு பெரிய எழுத்து தொடங்கி, சுழன்று, கொடியாக நீண்டு, அடுத்த சொல்லைத் தொடும். காகிதத்தில் இதைச் செய்யவே பயிற்சி வேண்டும். வளைந்த கொம்பின் மேல், இழை குறுக்கே இழுக்கும்போது செய்திருக்கிறார்.

1757 ஆகஸ்டில் மோன்கால்மின் தலைமையில் பிரெஞ்சுப் படையும் அதன் பூர்வகுடிக் கூட்டாளிகளும் கோட்டையை முற்றுகையிட்டன. 9-ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. ஜான் புஷ் சிறைப்பட்டார். வீடு திரும்பவில்லை.

அவர் கீறிய பாணி நின்றுவிடவில்லை. ஜேக்கப் கே போன்ற பிற்காலக் கைகளில் அந்தச் சுழலெழுத்தின் சாயலை ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். அமெரிக்க நாட்டுப்புறக் கலையின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்றைத் தொடங்கி வைத்தவர் ஒரு கறுப்பின வீரர் என்பது 200 ஆண்டுகளுக்கு மேல் வெளியே தெரியாமல் கிடந்தது. அவர் செய்தவை எல்லாவற்றிலும் பெரிதாக நிற்பது அடுத்தவர் பெயர். அதனால்தான் இந்தப் பக்கத்தில் அவர் பெயரைத் தனி வரியில் எழுதினேன்.

1775-க்குப் பிறகு கொம்பில் என்ன மாறியது?

சிங்கமும் கிரீடமும் குறையத் தொடங்கின. 1775 ஏப்ரல் 19-ஆம் தேதி லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்து, பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியதும், மாசச்சூசெட்ஸின் ஊர்ப்படையினர் பாஸ்டனைச் சூழ்ந்துகொண்டார்கள். பிரிட்டன் படை கப்பலேறிய 1776 மார்ச் 17 வரை முற்றுகை நீடித்தது. ஏறக்குறைய 11 மாதங்கள் ஆயிரக்கணக்கானோர் பாஸ்டனைச் சுற்றிய குன்றுகளில் காத்துக் கிடந்தார்கள். ராக்ஸ்பெரி, விண்டர் ஹில், பிராஸ்பெக்ட் ஹில் என்ற முகாம் பெயர்கள் தாங்கிய கொம்புகள் இவ்வளவு மிஞ்சியிருப்பதற்கு அந்தக் காத்திருப்புதான் காரணம்.

கொம்பு நிறைய இருந்தது, உள்ளே போட மருந்து இல்லை. 308 பீப்பாய் மருந்து இருப்பதாக அமெரிக்கப் படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொல்லியிருந்தார்கள். 1775 ஆகஸ்டில் எண்ணிப் பார்த்தபோது இருந்தவை 36. அதைக் கேட்டு அவர் அரைமணி நேரம் வாய் திறக்கவில்லை என்று உடனிருந்த தளபதி எழுதியிருக்கிறார்.

ஜேம்ஸ் பைக் என்பவரின் கொம்பில் 1775 ஏப்ரல் 19 நிகழ்ச்சியே படமாக இருக்கிறது. ஒரு பக்கம் பிரிட்டன் வீரர்கள், அவர்கள் மேல் 'தாக்கியவர்கள்' என்ற எழுத்து. மறுபக்கம் ஊர்ப்படை, 'தற்காத்தவர்கள்' என்று. இடையே, பிரிட்டன் எதிர்ப்பின் அடையாளமான 'சுதந்திர மரம்'. முதலில் சுட்டது யார் என்ற வழக்கில் ஒரு சாட்சி தன் வாக்குமூலத்தைக் கொம்பில் எழுதி வைத்ததாகவே இதைப் படிக்கலாம்.

இன்னொரு கொம்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. கனெக்டிகட்டின் கிளாஸ்டன்பெரியில் 1777 நவம்பர் 17 என்று தேதி இட்டது. உடையவர் பிரின்ஸ் சிம்போ, கனெக்டிகட் படையில் இருந்த கறுப்பின வீரர். கொம்பில் ஒரு புறா. அதன் பக்கத்தில் நாடா. நாடாவில் ஒரே சொல்: சுதந்திரம். அந்த ஆண்டு கனெக்டிகட்டில் அடிமை முறை சட்டப்படி நடப்பில் இருந்தது. தளபதிகளும் வழக்கறிஞர்களும் அந்தச் சொல்லைப் பல பக்கம் எழுதினார்கள். சிம்போவுக்குக் கிடைத்த பக்கம் இந்தக் கொம்பு. இப்போது அது வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கும் இந்தியாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டு வகையில். கருமருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். பிரிட்டன் தன் வெடியுப்பைப் பெருமளவு வாங்கியது பீகாரிலிருந்து. பாட்னாவைச் சுற்றிய ஊர்களில் மண்ணைக் கரைத்து, காய்ச்சி, உப்பெடுத்தவர்களின் உழைப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஏறி லண்டன் போனது. பிளாசிப் போருக்கு அடுத்த ஆண்டான 1758-இல் அந்த வாணிபத்தைக் கம்பெனி முழுவதுமாகத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டன் மருந்தால் நிரம்பிய ஒரு கொம்பில் பீகார் மண்ணின் உப்பு இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அடுத்தது, போரே ஒன்றுதான். ஜார்ஜ் ஏரியில் மோதிய அதே பிரிட்டனும் பிரான்சும் ஏழாண்டுப் போர் என்ற அதே பெரும் போரின் பகுதியாக நம் மண்ணிலும் மோதின. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டதும், 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றதும் அந்தப் போரில்தான்.

போலிக் கொம்புகளை எப்படி அடையாளம் காண்பது?

கொம்பு பழையதாக இருக்கும், கீறல் புதியதாக இருக்கும். இதுதான் வழக்கமான ஏமாற்று. வெறும் கொம்புக்கு விலை இல்லை. '1776' என்று கீறினால் விலை ஏறும். சுதந்திரத்தின் நூற்றாண்டான 1876-ஐ ஒட்டிப் பழம்பொருள் ஆசை பெருகியதிலிருந்தே இது நடக்கிறது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம், உடம்போடு உரசிய பக்கம். தோளில் தொங்கி ஆண்டுக்கணக்கில் துணியில் தேய்ந்த கொம்பில், அந்தப் பக்கத்துக் கோடுகளும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். கொம்பு வழவழவென்று தேய்ந்திருந்து, கோடு மட்டும் கூர்மையாக நின்றால் சந்தேகப்படுங்கள். பழைய விரிசலையோ பூச்சி அரித்த பள்ளத்தையோ ஒரு கோடு கவனமாகச் சுற்றிப் போனாலும் அப்படியே. விரிசல் முதலில் வந்தது, கோடு பிறகு வந்தது என்று அதற்குப் பொருள். பெரிய தலைவரின் பெயர், பெரிய போர், பெரிய ஆண்டு மூன்றும் ஒரே கொம்பில் சேர்ந்து வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். உண்மையான கொம்புகளில் பெரும்பாலும் நாம் கேள்விப்படாத பெயர்கள்தான் இருக்கும்.

இன்றும் பழைய முறையில் கொம்பு செய்து, தங்கள் பெயரையும் இன்றைய ஆண்டையும் கீறி விற்கும் கைவினைஞர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அது போலி அல்ல, அந்தக் கலையின் தொடர்ச்சி.

திமிங்கிலப் பல்லில் கீறும் கலையும் இதுவும் ஒன்றா?

நுட்பம் ஒன்று, ஆள்கள் வேறு. திமிங்கில வேட்டைக் கப்பல்களில் மாலுமிகள் பல்லில் கீறியது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில். கொம்பு அதற்கு மூத்தது.

இந்தக் கலை ஏன் நின்றுபோனது?

தேவை போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் செம்பிலும் பித்தளையிலும் அச்சில் அடித்த மருந்துக் குடுவைகள் மலிவாக வந்தன. பிறகு உலோகத் தோட்டா வந்ததும் மருந்தைத் தனியாகச் சுமக்கும் வேலையே இல்லாமல் போனது. மேற்கே எல்லைப் பகுதிகளில் மட்டும் கொம்பு இன்னும் சில காலம் தோளில் தொங்கியது.

வீட்டில் பழைய கொம்பு இருந்தால் எப்படிப் பாதுகாப்பது?

எண்ணெய் தடவாதீர்கள், மெருகுப் பூச்சும் வேண்டாம். கோட்டில் நிற்கும் பழைய கரி கலைந்துவிடும். வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் கொம்பு ஏடு ஏடாகப் பிரியும். கம்பளியையும் இறகையும் தின்னும் சிறு வண்டுகளின் புழுக்களுக்குக் கொம்பும் உணவுதான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எடுத்துப் பாருங்கள். முக்கியமாக, தக்கையைத் திறக்கும் முன் யோசியுங்கள். உள்ளே மருந்து மிஞ்சியிருந்தால் அது இன்றும் பற்றும்.

கொம்பு உருண்டையாக இருக்கிறது, படத்தில் ஒரு பக்கம்தான் தெரிகிறது. முழுவதையும் எப்படிப் படிப்பது?

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்குத் தன் முதுமையைக் கொடுத்தவர் ரூஃபஸ் கிரைடர். நியூயார்க் மாநிலத்தின் கனஜோஹரி ஊரில் ஓவியம் கற்பித்தவர். 1817-இல் பிறந்து 1900-இல் இறந்தார். ஊர் ஊராகப் போய், வீட்டுப் பரண்களிலும் பண்ணை வீட்டுச் சுவர்களிலும் இருந்த கொம்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, ஒவ்வொன்றின் கீறலையும் தட்டையாக விரித்து, நீர்வண்ணத்தில் நகலெடுத்தார். பாயை விரித்ததுபோல் கொம்பு முழுவதும் ஒரே தாளில் வரும். நூற்றுக்கணக்கான கொம்புகளை இப்படி வரைந்தார். தாளின் ஓரங்களில் அந்தக் கொம்பு யாருடையது, எங்கே கண்டது என்ற குறிப்புகளும் எழுதினார். அந்தத் தாள்கள் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன.

கொம்புகளையே பார்க்க வேண்டும் என்றால், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவில் பெரிய தொகுப்பு உண்டு. டிகான்டரோகா கோட்டை அருங்காட்சியகத்திலும், மாசச்சூசெட்ஸின் டீர்ஃபீல்டிலும் நல்ல தொகுப்புகள் இருக்கின்றன. பயணம் போக வழியில்லாதவர்கள் அந்த நிறுவனங்களின் இணையத் தொகுப்புகளில் ஒரே கொம்பை நாலைந்து கோணத்தில் எடுத்த படங்களைப் பார்க்கலாம். அடிக்கட்டைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் பெயர் அங்கேதான், அகலமான இடத்தில் இருக்கும். பெயரைப் படித்த பிறகு வாய்ப்பக்கம் நோக்கி நகருங்கள். இடம் குறுகக் குறுக எழுத்தும் படமும் எப்படிச் சிறுத்து நெருங்குகின்றன என்று பாருங்கள். கடைசியாக மிஞ்சிய ஓர் அங்குலத்தில், கழுத்துக்குக் கீழே, ஒரு மீனோ ஒரு சிறு பறவையோ இருக்கும்.